தென்னையும் கூனியும் கைவசம்: இந்தோனேசியச் சாப்பாடு வீட்டிலும் வெளிநாட்டிலும்

இந்தோனேசியச் சாப்பாடு என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது ஹோட்டல்களில் கிடைக்கும் நாசி கோரெங் மட்டும்தான். சிவக்கக் கிளறிய சோறு, மேலே ஒரு பொரித்த முட்டை, பக்கத்தில் குச்சியில் குத்திய கோழித் துண்டுகள். அதற்கு மேல் அந்தச் சமையலுக்குள் போவதென்றால் கொழும்புக் கடைகளில் விலைகூடிய போத்தல்களைத் தேடி வாங்க வேண்டும் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். அந்தத் தயக்கம் தேவையில்லை. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையுள்ள கரையில் குடியிருப்பவருக்கு இந்தோனேசியச் சமையலின் முக்கியமான சாமான்கள் எல்லாம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. தேங்காய் இருக்கிறது. கடல்மீனும் களப்பு இறாலும் இருக்கின்றன. கற்பிட்டி மணலில் விளையும் சின்ன வெங்காயமும் மிளகாயும் இருக்கின்றன. வாடிகளில் காயும் கூனி இருக்கிறது. முறை தெரிந்தால் போதும்.

இந்த அத்தியாயம் அந்த முறையைச் சொல்கிறது. முதலில் வீட்டுச் சமையல், பிறகு வெளிநாட்டில் எங்கே, எதை, எப்படிச் சாப்பிடுவது என்பது.

பழைய உறவு

நம் கரைக்கும் இந்தோனேசியத் தீவுகளுக்கும் இடையிலான போக்குவரத்து மிகப் பழையது. மொரோக்கோ பயணி இப்னு பத்தூத்தா 1344 இல் வந்திறங்கிய பத்தாலா என்ற ஊர் இன்றைய புத்தளம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அதே பயணி சிறிது காலத்தில் சுமாத்திராவின் சமுத்திரா பாசாய் அரசுக்கும் போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். கற்பிட்டிக் கோட்டையை அவர்கள் 1667 முதல் 1676 வரை கட்டினார்கள். அந்தக் கோட்டையை ஆண்ட ஒல்லாந்த வணிகக் கம்பனியின் கிழக்குத் தலைநகரம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. ஜாவாவின் அரச குடும்பத்தவர்களைக் கம்பனி இலங்கைக்கு நாடு கடத்தியது. 1708 இல் மாத்தறம் அரசர் மூன்றாம் அமங்குராத் இப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். படைவீரர்களும் கூட வந்தார்கள். இப்படி வந்தவர்களை இங்கு மலாயர் என்றார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலாயர்கள் பணியாற்றிய இலங்கை ரைபிள் படைப்பிரிவு 1873 இல் கலைக்கப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. கொழும்பு கொம்பனித்தெரு, அம்பாந்தோட்டை, கிரிந்தை ஆகிய இடங்களில் இன்றும் மலாயர்கள் வாழ்கிறார்கள்.

அவர்கள் கொண்டுவந்தவை நம் வீட்டுச் சாப்பாட்டோடு கலந்துவிட்டன. பெருநாளைக்கு நாம் செய்யும் வட்டிலப்பம் மலாயர் கொடுத்தது. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேரும் அந்தப் பண்டத்தின் உறவு இந்தோனேசியாவில் சிரிகாயா. மலாய் அச்சாறும் அப்படியே. பறங்கியர் வாழையிலையில் பொதிந்து போறணையில் சுடும் லம்பிரைசுக்குள் இருக்கும் பிளாச்சான், காய்ந்த இறாலை இடித்துச் செய்யும் சம்பல். அதுவும் அந்தத் தீவுகளின் வாசனைதான். ஆகவே நாம் புதிதாக ஒன்றைக் கற்கவில்லை. பாதி தெரிந்த ஒன்றை முழுதாகத் தெரிந்துகொள்கிறோம்.

சாமான்: உள்ளது எது, மாற்று எது

ரம்பை, இந்தோனேசியாவில் பாயசத்துக்கும் சோற்றுக்கும் போடும் பாண்டான் இலையேதான். நாம் சேர என்று சொல்லும் எலுமிச்சைப்புல்லும் அதேதான். கங்குன் கீரை அங்கும் அன்றாடக் கீரை. மஞ்சள், இஞ்சி, உள்ளி, கொத்தமல்லி, புளி எல்லாம் பொது. மற்றவற்றுக்கு இப்படிச் செய்யலாம்.

தெராசி: சிறு இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்து இடித்துக் கட்டியாக்கியது. சம்பலின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதற்கு நல்ல காய்ந்த கூனியை வெறும் தாச்சியில் மெல்லிய தீயில் வறுத்து, ஆறியதும் இடித்துத் தூளாக்கிப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். 1 மேசைக்கரண்டி தூள், 1 தேக்கரண்டி தெராசிக்கு ஈடாகும். வாங்கும்போது கூனி இளஞ்சிவப்பாக, உதிரியாக இருக்க வேண்டும். கையில் ஒட்டினாலோ அமோனியா நெடி வந்தாலோ வாங்காதீர்கள். மணல் இருந்தால் வறுக்குமுன் புடைத்து, இரண்டு தரம் கழுவி வெயிலில் உலர்த்த வேண்டும்.

கெச்சாப் மானிஸ்: கெட்டியான இனிப்புச் சோயா சாறு. கடையில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் 1 கோப்பை சோயா சோஸ், 200 கிராம் சீவிய கித்துள் கருப்பட்டி அல்லது பனங்கட்டி, நசுக்கிய உள்ளி 1 பல், இஞ்சித் துண்டு 1, கறுவாப் பட்டை சிறிது ஆகியவற்றை மெல்லிய தீயில் 10 முதல் 15 நிமிடம் காய்ச்சுங்கள். கரண்டியின் முதுகில் படிந்து நிற்கும் பதத்தில் இறக்கி வடித்துவிடுங்கள். ஆறும்போது இன்னும் கெட்டியாகும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மாதம் கெடாது. சோயா சோஸ் வாங்கும்போது ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

கெமிரி: குழம்பைக் கெட்டியாக்கும் எண்ணெய்ப் பருப்பு. இதற்கு நம் கஜு சரியான மாற்று. வனாத்தவில்லுப் பக்கம் விளையும் கஜுவை வறுக்காமல் அரைத்துச் சேர்த்தால் போதும். யாராவது வெளிநாட்டிலிருந்து கெமிரி கொண்டுவந்து தந்தால் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். அது வயிற்றுக்கு நஞ்சு. வேகவைத்த பிறகே உண்ண வேண்டும்.

லெங்குவாஸ்: இது நம் பேரரத்தை. பச்சையாகக் கிடைக்காத இடத்தில் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது இருக்கும். அரை விரல் நீளத் துண்டை வெந்நீரில் ஊறவைத்துச் சேருங்கள். காய்ந்ததுக்குக் காரம் அதிகம், ஆகவே அளவைக் கூட்ட வேண்டாம்.

ஆசம் காண்டிஸ்: மேற்குச் சுமாத்திராவில் இறைச்சிக்கும் மீனுக்கும் போடும் காய்ந்த புளிப்புப் பழத்தோல். நம் கொறுக்காயின் இனத்தைச் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொறுக்காய் போடலாம்.

தேசி இலை: கபிர் தேசி என்ற வகையின் இலையே அங்கு வழக்கம். வீட்டுத் தேசி மரத்தின் கொழுந்து இலையோ நாரத்தை இலையோ அந்த மணத்தில் பாதியைத் தரும். நடு நரம்பை உரித்துவிட்டுப் போடுங்கள், கசக்காது.

மூன்று அடிப்படைகள்

இந்தோனேசியாவில் ஆயிரக்கணக்கான தீவுகள். ஊருக்கு ஊர் சமையல் மாறும். ஆனாலும் மூன்று விடயங்களைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலான கறிகள் கைக்கு வந்துவிடும்.

முதலாவது, அரைப்பு. நம் கறிக்கு நாம் கறித்தூளை நம்புகிறோம். அங்கு பச்சையாக அரைத்த கூட்டே அடித்தளம். அதற்குப் பும்பு என்று பெயர். ஊறவைத்த செத்தல் மிளகாய் 10, சின்ன வெங்காயம் 150 கிராம், உள்ளி 5 பல், கஜு 6, மஞ்சள் ஒரு விரல்கணு, உப்பு. இவற்றை அம்மியிலோ அரைக்கும் இயந்திரத்திலோ வெண்ணெய் போல் அரையுங்கள். இயந்திரத்தில் தண்ணீருக்குப் பதில் தேங்காயெண்ணெய் 2 மேசைக்கரண்டி விட்டு அரைத்தால் வதக்கும் நேரம் குறையும்.

இரண்டாவது, வதக்கல். இந்த அரைப்பைத் தேங்காயெண்ணெயில் நடுத்தர தீயில் 10 நிமிடமாவது கிளற வேண்டும். முதலில் பச்சை வெங்காயத்தின் காரம் கண்ணில் அடிக்கும். பிறகு நீர் வற்றிச் சத்தம் மாறும். நிறம் கருஞ்சிவப்பாகி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அதற்கு முன் அவசரப்பட்டுத் தேங்காய்ப்பாலை ஊற்றினால் பச்சை வாடை கறி முழுக்க நின்றுவிடும். வதக்கிய அரைப்பை ஆறவைத்து மேலே எண்ணெய் மூடி நிற்கும்படி போத்தலில் அடைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும்.

மூன்றாவது, நாலு சுவையின் சமன். இறக்குமுன் ஒருமுறை வாயில் வைத்துப் பாருங்கள். உறைப்பு, உப்பு, புளிப்பு, இனிப்பு நான்கும் நாக்கில் தெரிய வேண்டும். நம் கையில் பெரும்பாலும் குறைவது இனிப்பு. கருப்பட்டி ஒரு சிறு துண்டு சேர்த்ததும் கறி எழுந்து நிற்கும்.

நாசி கோரெங், 3 பேருக்கு

இதற்கு ஆறிய சோறு வேண்டும். சுடுசோறு குழைந்துவிடும். புழுங்கல் சம்பாவைவிட வெள்ளைப் பச்சையரிசியோ பாசுமதியோ நன்றாக உதிரும். முதல் நாள் இரவே வடித்துத் தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நம் வெக்கைக்குச் சோற்றை இரவு முழுக்க வெளியே வைத்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமி அதில் பெருகும். மறுபடி சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது.

ஆறிய சோறு 4 கோப்பை, வதக்கிய அரைப்பு 3 மேசைக்கரண்டி, கூனித்தூள் 1 மேசைக்கரண்டி, தோல் நீக்கிய இறால் 200 கிராம், கெச்சாப் மானிஸ் 2 முதல் 3 மேசைக்கரண்டி, முட்டை 3.

தாச்சி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு இறாலை ஒரு நிமிடம் புரட்டித் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் அரைப்பும் கூனித்தூளும் போட்டு வாசனை வரக் கிளறி, கையால் உதிர்த்த சோற்றைச் சேருங்கள். தீயைக் கூட்டி, அடிப்பிடிக்கும் சத்தம் கேட்கும்வரை அழுத்தி அழுத்திப் புரட்டுங்கள். கெச்சாப்பைத் தாச்சியின் ஓரத்தில் ஊற்றினால் அது கொதித்துக் கருகும் மணம் சோற்றில் ஏறும். கடைசியில் இறால். மேலே ஓரம் மொறுமொறுத்த பொரித்த முட்டை, பக்கத்தில் கெக்கரிக்காய், தக்காளி, இறால் பப்படம். தக்காளி சோஸ் போட வேண்டாம். நிறத்துக்காகக் கடைகளில் போடும் அது இந்தச் சோற்றின் சுவையை மூடிவிடும்.

ரெண்டாங், 6 பேருக்கு

மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்களின் பெருமை இந்தக் கறி. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போவது அவர்களின் மரபு. நாள்கணக்கில் கெடாத இந்த இறைச்சி வழிச்சாப்பாடாகப் போயிருக்கிறது. தென்னை முக்கோணத்தில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான கறி இல்லை.

தொடைப்பகுதி மாட்டிறைச்சி 1 கிலோ, தடித்த துண்டுகளாக. தேங்காய் 3, முதற்பாலும் இரண்டாம் பாலும் சேர்த்து ஒன்றரை லீற்றர். செத்தல் மிளகாய் 20, சின்ன வெங்காயம் 250 கிராம், உள்ளி 8 பல், இஞ்சியும் பேரரத்தையும் 2 அங்குலம் வீதம், மஞ்சள் ஒரு விரல்கணு ஆகியவற்றை அரைத்துக்கொள்ளுங்கள். சேர 3 தண்டு நசுக்கியது, தேசி இலை 5, வீட்டில் மஞ்சள் செடி இருந்தால் அதன் இலை 1, கொறுக்காய் 2 சுளை, உப்பு.

இந்தக் கறிக்கு மட்டும் அரைப்பைத் தனியே வதக்க வேண்டாம். தேங்காய்ப்பால், அரைப்பு, இலைகள் எல்லாவற்றையும் அகலத் தாச்சியில் ஒன்றாகப் போட்டுக் கொதி வரும்வரை கிண்டுங்கள். கொதித்ததும் இறைச்சியையும் கொறுக்காயையும் சேருங்கள். மூடக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம் இது மஞ்சள் கலந்த தண்ணீர்க்கறி. இரண்டாம் மணி நேரத்தில் குழம்பு கெட்டிப்பட்டு, எண்ணெய் மிதந்து, பழுப்பு நிறம் வரும். இந்தக் கட்டத்துக்கு காலியோ என்று பெயர். சோற்றோடு சாப்பிட இதுவே அருமை, அவசரக்காரர் இங்கேயே இறக்கலாம். ரெண்டாங் வேண்டுமென்றால் தீயை மிகக் குறைத்து, அகப்பையை விடாமல் இன்னும் ஒன்றரை மணி நேரம் கிளற வேண்டும். பால் வற்றி, கொதிக்கும் ஓசை அடங்கி, பொரியும் ஓசை தொடங்கும். இப்போது இறைச்சி தேங்காயின் சொந்த எண்ணெயில் வறுபடுகிறது. கருங்காப்பி நிறத்தில், மசாலாவோடு திரண்ட தேங்காய்க்கசடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இறக்குங்கள். மறுநாள் சுவை இன்னும் கூடும். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்.

மாட்டிறைச்சி சேர்க்காத வீடுகளில் நாட்டுக்கோழியைக் காலியோ பதத்தில் இறக்கலாம். முழு மரக்கறிக்கு இளம் பலாக்காய். அதைத் துண்டாக்கி உப்பு நீரில் அரைவேக்காடாக அவித்து, குழம்பு கெட்டியான பிறகு சேருங்கள்.

சுட்ட மீனும் சம்பலும்

இக்கான் பாக்கார் என்பது கரியில் சுட்ட மீன். பாரை, விளைமீன், களப்புக் கொடுவா எதுவானாலும் சரி. 1 கிலோ மீனின் வயிற்றைச் சுத்தம் செய்து, இரு பக்கமும் ஆழக் கீறி, உப்பு, மஞ்சள், தேசிக்காய்ச் சாறு தடவி 20 நிமிடம் வையுங்கள். சிரட்டைக்கரி சாம்பல் பூத்த பிறகே மீனை வைக்க வேண்டும். இந்தோனேசியாவிலும் குச்சியில் குத்திய சாத்தே இறைச்சி சுடுவோர் விரும்புவது சிரட்டைக்கரியைத்தான். முக்கால் பாகம் வெந்த பிறகு கெச்சாப் மானிஸ், எண்ணெய், அரைத்த மிளகாய் மூன்றையும் கலந்து பூசுங்கள். முதலிலேயே பூசினால் கருப்பட்டி கருகி மீன் கசக்கும்.

தொட்டுக்கொள்ளச் சம்பல்: பழுத்த மிளகாய் 10, சின்ன வெங்காயம் 4, தக்காளி 1. இவற்றைக் கொஞ்சம் எண்ணெயில் வாட்டி, கூனித்தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு, கருப்பட்டி சிறிது சேர்த்து அம்மியில் கரகரப்பாக அரையுங்கள். மேலே தேசிக்காய் பிழியுங்கள். எங்கள் கட்டைச் சம்பலை விரும்புகிறவர் இதைத் தவறாமல் விரும்புவார்.

கடோ கடோ

அவித்த மரக்கறிக்கு மேலே கச்சான் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவது. வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 200 கிராம், மிளகாய் 3, உள்ளி 2 பல், கருப்பட்டி 2 மேசைக்கரண்டி, கெட்டிப் புளி 1 மேசைக்கரண்டி, உப்பு. இவற்றை அரைத்து, தேங்காய்ப்பாலும் வெந்நீரும் விட்டு ஊற்றும் பதத்துக்குக் கரைத்து ஒரு கொதி விடுங்கள். அவித்த கங்குன், போஞ்சி, கோவா, உருளைக்கிழங்கு, வெட்டிய கெக்கரிக்காய், அவித்த முட்டை ஆகியவற்றின் மேல் ஊற்றுங்கள். உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிக்காக நோன்பிருக்கும் வீடுகளிலும் முட்டையைத் தவிர்த்துச் செய்யலாம், குறை தெரியாது.

வீட்டில் விருந்து வைப்பதானால் நடுவில் வெள்ளைச் சோறு, சுற்றி ஒரு இறைச்சி, ஒரு மீன், ஒரு கீரை, ஒரு சம்பல், மொறுமொறுப்புக்குப் பப்படம். இந்த ஒழுங்கு நமக்குப் பழகியதே. ரெண்டாங்கை முதல் நாளே செய்துவிட்டால் அன்றைக்கு வேலை ஒரு மணி நேரம்தான்.

வெளிநாட்டில்: எந்தக் கடைக்குள் போவது

இந்தோனேசியாவில் எந்த ஊருக்குப் போனாலும் பாடாங் சாப்பாட்டுக் கடை இருக்கும். ரூமா மாக்கான் பாடாங் என்று பலகை இருக்கும், கண்ணாடி அலமாரியில் தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் எதுவும் கேட்காமலே பணியாளர் கையில் பத்துப் பன்னிரண்டு தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் பரப்புவார். பயப்பட வேண்டாம். தொட்ட தட்டுக்கு மட்டுமே காசு. தொடாததைத் திருப்பி எடுத்துப் போவார்கள். ஒரு தட்டில் இரண்டு துண்டு இருந்து ஒன்றைச் சாப்பிட்டால் ஒன்றுக்கே கணக்கு. சிறு கிண்ணத்தில் தண்ணீர் வரும். அது கை கழுவ, குடிக்க அல்ல. கையால் சாப்பிடுவது அங்கு மரியாதைக் குறைவல்ல. மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள், ஆகவே இக்கடைகளில் ஹலால் பற்றிக் கவலை குறைவு.

வாருங் என்பது தெருவோரச் சிறுகடை. சோறு, ஒரு கறி, ஒரு கீரை, சம்பல் கொண்ட நாசி சம்புர் அங்கே சொல்லுங்கள். கூட்டம் உள்ள கடையில், மதியம் சமைத்த சூட்டோடு சாப்பிடுங்கள்.

ஊருக்கு ஊர் நாக்கு வேறு. சுமாத்திரா நமக்குக் கிட்டியது: உறைப்பு, தேங்காய்ப்பால், மசாலா. நடு ஜாவா இனிப்பு. யோக்யகர்த்தாவின் குடெக், இளம் பலாக்காயைப் பனைவெல்லத்தில் மணிக்கணக்காக வேகவைத்தது. முதல் வாயில் திகைக்க வைக்கும், உறைப்பான சம்பலோடு சேர்த்துச் சாப்பிடுங்கள். சுலவேசித் தீவின் வடக்கே மனாடோவில் மீனும் மிளகாயும் கடும் உறைப்பு. ஆச்சேயில் தடித்த மீ, ரொட்டி சானே, ஆட்டுக்கறி. அந்த ரொட்டி நம் பராட்டாவுக்கு நேர் உறவு.

தமிழர் மேடானுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. வடக்குச் சுமாத்திராவின் புகையிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். கம்போங் மதராஸ் பகுதியில் 1884 இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மர்த்தபாக் ரொட்டியும் கறியும் கிடைக்கும்.

ஹலாலும் விலக்கும்

இந்தோனேசியா முஸ்லிம் பெரும்பான்மை நாடு. அதனால் எல்லாக் கடையும் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. ஹலால் உறுதிப்பாட்டுக்கு 2014 இல் சட்டம் வந்தது. 2022 முதல் ஊதா நிறத்தில் புதிய தேசிய முத்திரை வழக்கத்தில் உள்ளது. பொதிகளிலும் கடை வாசலிலும் அதைத் தேடுங்கள். பாலி இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் தீவு. அங்கே பன்றி பரவலான உணவு, பாபி குலிங் என்ற பலகை அதையே குறிக்கும். மேடானில் பத்தாக், காரோ மக்களின் கடைகளில் பி.பி.கே. என்று எழுதியிருந்தால் சுட்ட பன்றி. பி1 என்றால் நாய் இறைச்சி, பி2 என்றால் பன்றி. லாப்போ என்பது பத்தாக் சாப்பாட்டுக் கடை. மனாடோவிலும் கேட்டுச் சாப்பிடுங்கள்.

மாட்டிறைச்சி விலக்குவோர் சாப்பி என்ற சொல்லைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்சோ என்ற உருண்டைச் சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சியே. மரக்கறி உணவாளருக்குத் தாஹு என்ற சோயாக்கட்டியும் தெம்பேயும் எங்கும் கிடைக்கும். தெம்பே என்பது அவித்த சோயாவைப் பூஞ்சணத்தால் இறுகக் கட்டவைத்தது, நல்ல புரதம். ஆனால் சம்பலிலும் கீரையிலும் தெராசி கலந்திருக்கும். இறால், கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களும் இதையே முதலில் கேட்க வேண்டும்.

மனதில் வைக்க வேண்டிய சில சொற்கள்: நாசி சோறு, ஆயாம் கோழி, சாப்பி மாடு, காம்பிங் ஆடு, பாபி பன்றி, இக்கான் மீன், உடாங் இறால், சுமி கணவாய், தெலுர் முட்டை. கோரெங் பொரித்தது அல்லது கிளறியது, பாக்கார் சுட்டது, ரெபுஸ் அவித்தது. பெடாஸ் உறைப்பு, தீடாக் பெடாஸ் உறைப்பு வேண்டாம். தன்பா தெராசி என்றால் தெராசி இல்லாமல். பெராபா என்று கேட்டால் விலை சொல்வார்கள். தெரிமா காசி, நன்றி.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், மூடி உடையாத போத்தல் நீரே நல்லது. பச்சைச் சம்பலை முதல் இரண்டு நாள் அளவோடு தொடுங்கள். மருந்துப் பையில் ஜீவனி இருக்கட்டும்.

இந்தோனேசியா போகாமலே

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. உலகிலேயே பெரிய ஹஜ் ஒதுக்கீடு இந்தோனேசியாவுக்கு. 2023 இல் அது 221,000 பேர். அதனால் மக்காவிலும் மதீனாவிலும் இந்தோனேசியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சோத்தோ என்ற எண்ணெய் குறைந்த கோழிச் சூப், நீண்ட தொழுகைக்குப் பிறகு களைத்த வயிற்றுக்கு இதமானது. வளைகுடா வீடுகளில் வேலைக்குப் போன நம் பெண்கள் பலர் இந்தோனேசியப் பெண்களோடு ஒரே அடுக்களையில் நின்றிருக்கிறார்கள். அப்படிப் போய்வந்த பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். புத்தகத்தைவிட அவர்களின் கைப்பக்குவம் பெரியது.

நெதர்லாந்தில் உறவினர் இருந்தால் தோக்கோ என்று அழைக்கப்படும் இந்தோனேசியச் சாமான் கடைகளுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். திரும்பும்போது இரண்டு பொருள் போதும்: முத்திரை உடையாத கெச்சாப் மானிஸ் போத்தல் ஒன்று, காற்றுப் புகாமல் அடைத்த தெராசி ஒன்று. தெராசியை இரண்டு பைக்குள் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வேண்டாம்.

மற்றதெல்லாம் இங்கேயே இருக்கிறது. போத்தல் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் கால் கிலோ நல்ல கூனி வாங்கி வறுத்து இடித்து வையுங்கள், ஒரு போத்தல் கெச்சாப் காய்ச்சி வையுங்கள், அரைப்பை வதக்கி அடைத்து வையுங்கள். இந்த மூன்றும் அடுக்களையில் இருந்தால் நாசி கோரெங்குக்கு 15 நிமிடம் போதும். அடுத்த விடுமுறை நாளில் ரெண்டாங்கைத் தொடங்குங்கள்.